கனவு கேம் இருக்கிறதா? ஒரே ஒரு தெருவைக் கட்டிக் காட்டுங்கள்

கேம் விளையாடுகிற யாரைக் கேட்டாலும் ஒரு கனவு கேம் வைத்திருப்பார். சென்னையில் நடக்கிற ஜி.டி.ஏ. சோழர் கப்பலேறிக் கடாரம் வரை போகிற ஓப்பன் வேர்ல்ட். சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் கிளம்பி, விடியும்போது நாகர்கோவிலில் இறக்கிவிடுகிற ஆம்னி பஸ் சிமுலேட்டர். "யாராவது எடுத்தா முதல் நாளே வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேட்சுக்குப் போய்விடுவார்.

கேம் துறையில் வேலை தேடுகிறவர் அப்படிப் போய்விடக் கூடாது. அந்தக் கனவுதான் உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கான கச்சாப் பொருள். ஆனால் கச்சாப் பொருளாகவே நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். வெறும் ஐடியாவுக்கு இந்தத் துறையில் விலை பூஜ்யம். உங்களுக்கு வந்த அதே ஐடியா இன்னும் பல பேருக்கு வந்திருக்கிறது. அவர்களில் சிலர் உங்களைவிட நன்றாகப் பேசவும் செய்வார்கள். அவர்களைத் தாண்ட ஒரே வழி, அந்தக் கனவில் எதையெல்லாம் வெட்டலாம் என்று கண்டுபிடித்து, மிச்சத்தை விளையாடும் நிலையில் கொண்டுவந்து வைப்பது.

1. ஐடியாவைப் பூட்டி வைக்காதீர்கள்

"முதல்ல என்.டி.ஏ. சைன் பண்ணுங்க, அப்புறம் சொல்றேன்" என்று ரகசியக் காப்பு ஒப்பந்தத்தோடு ஆரம்பிக்கிறவரை இந்தத் துறையில் யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. பதிப்புரிமைச் சட்டம் ஐடியாவைப் பாதுகாப்பதில்லை. நீங்கள் உருவாக்கிய படம், இசை, கோட், வசனம் போன்றவற்றைத்தான் பாதுகாக்கிறது. அமெரிக்காவில் டெட்ரிஸ் நிறுவனம் ஸியோ என்ற நிறுவனத்தின் மீது போட்டு, 2012-ல் தீர்ப்பு வந்த வழக்கில் இதுதான் விவாதம். கட்டங்கள் விழும் விதியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டத்தின் வடிவம், பலகையின் அளவு, தோற்றம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்ததால் ஸியோ தோற்றது.

காப்புரிமை, அதாவது பேட்டன்ட், வேறு கதை. 2014-ல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமில் எதிரி உங்களை நினைவில் வைத்திருப்பான். உங்களைக் கொன்றால் அவனுக்குப் பதவி உயர்வும் கிடைக்கும். இந்த 'நெமிசிஸ் சிஸ்டம்' பேட்மேன் கேமில் வர வேண்டும், ஸ்டார் வார்ஸ் கேமில் வர வேண்டும் என்று பிளேயர்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். வார்னர் பிரதர்ஸ் 2021-ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கியது. அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டுடியோவை 2025-ல் மூடியும் விட்டது. 'பால்வேர்ல்ட்' 2024 ஜனவரியில் வந்து சக்கைப் போடு போட்டது; அதே வருடம் செப்டம்பரில் நின்டென்டோவும் போக்கிமான் நிறுவனமும் அதன் மீது பேட்டன்ட் வழக்குப் போட்டன. இன்டர்வியூவில் "இந்த மெக்கானிக்கை அப்படியே எடுத்துப் போட்டால் சட்டச் சிக்கல் வரும், அதனால் இப்படி மாற்றினேன்" என்று ஒரு ஃபிரெஷர் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்களுக்கு ஐடியாவை மெயிலில் அனுப்பாதீர்கள். கேட்காமல் வருகிற ஐடியாவைப் படிக்கவே கூடாது என்று பெரும்பாலான இடங்களில் அவர்களுடைய வக்கீல்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு "என் ஐடியாவைத் திருடிட்டாங்க" என்று நீங்கள் வந்து நிற்பீர்கள் என்ற பயம்தான் காரணம்.

2. ஆசையை மார்க்கெட் ரிசர்ச்சாகப் படியுங்கள்

பிளேயர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், பெரிய நிறுவனம் கொடுக்கவில்லை என்றால், அங்கே ஒரு காலி இடம் இருக்கிறது. ஜப்பானில் நடக்கிற அசாசின்ஸ் க்ரீட் வேண்டும் என்பது பிளேயர்களின் பழைய ஆசை. யூபிசாஃப்ட் அதை 2025-ல்தான் கொடுத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே, 2020-ல், சக்கர் பஞ்ச் என்ற வேறு ஸ்டுடியோ 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வோடு வந்து அந்த ஆசையில் பாதியைத் தீர்த்துவிட்டது.

இன்னும் நல்ல உதாரணம், நகரம் கட்டும் கேம்கள். 2013-ல் வந்த 'சிம்சிட்டி' எப்போதும் ஆன்லைனில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது, சர்வர் படுத்தது, நகரம் கட்டக் கிடைத்த இடமும் சின்னது. பிளேயர்கள் கொதித்துப்போனார்கள். ஃபின்லாந்தில் பதின்மூன்று பேர் கொண்ட கொலோசல் ஆர்டர் என்ற குழு 2015-ல் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கொண்டுவந்தது. இன்டர்நெட் இல்லாமல் ஆடலாம், நகரத்தைப் பெரிதாக விரிக்கலாம், மோட் (ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றம்) போடலாம். ஜனங்கள் எதைக் கேட்டுச் சலித்தார்களோ அதைச் செய்தார்கள், கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

தாமதமும் கொல்லும். அசாசின்ஸ் க்ரீடில் வந்த கடற்கொள்ளையர் கப்பல் சண்டையை மட்டும் தனி கேமாகக் கொடு என்று பிளேயர்கள் கேட்டார்கள். 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' 2017-ல் அறிவிக்கப்பட்டு 2024-ல்தான் வந்தது. அதற்குள் ஆசை ஆறிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் கனவு கேமுக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று கேம்களை ஸ்டீமில் எடுங்கள். 'பரிந்துரைக்கவில்லை' என்று போட்டவர்களில் நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்களின் விமர்சனங்களை மட்டும் படியுங்கள். பத்து நிமிஷம் ஆடிவிட்டுத் திட்டுகிறவன் வாடிக்கையாளன் இல்லை. நூறு மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுகிறவன், எது குறைகிறது என்று துல்லியமாகச் சொல்வான். அதை ஒரு பக்கத்தில் தொகுத்தால் உங்கள் டிசைன் டாக்குமென்ட்டின் முதல் பக்கம் தயார். நூறு பக்கத்துக்கு ராஜ வம்சக் கதை எழுதி வைத்திருக்கிறீர்களா? அதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். ரெக்ரூட்டரிடம் வேண்டாம்.

3. வெட்டுங்கள், இன்னும் வெட்டுங்கள்

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். முக்கால்வாசி பேர் விழுவது இங்கேதான்.

'சென்னையில் ஜி.டி.ஏ.'வையே எடுத்துக்கொள்வோம். ஜி.டி.ஏ. 5 வந்தது 2013-ல். பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமே இல்லாத ராக்ஸ்டாருக்கே அடுத்த பாகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் தேவைப்படுகிறது. நீங்கள் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு மெரினாவையும் மவுண்ட் ரோட்டையும் கட்டுகிறேன் என்றால், எதிரே இருக்கும் லீட் டிசைனருக்குப் புரிவது ஒன்றுதான்: இந்த ஆளுக்கு ஸ்கோப் தெரியவில்லை. கிறிஸ் ராபர்ட்ஸ் 2012-ல் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற விண்வெளிக் கனவுக்கு ரசிகர்களிடம் பணம் கேட்டார். 2014-ல் வரும் என்றார். இதுவரை 70 கோடி டாலருக்கு மேல் வசூலாகியிருக்கிறது. பத்து வருடம் தாண்டியும் முழு வெளியீடு ஆகவில்லை. அவருக்குப் பின்னால், அவர் முன்பு செய்த 'விங் கமாண்டர்' கேமின் பெயர் இருந்தது, ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். உங்களை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் எப்படி வெட்டுவது? ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த கேமில் விளையாடுகிறவரின் விரல் என்ன செய்கிறது? கனவுப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். ஊர் இருக்கும், ஹீரோ இருப்பார், பின்னணி இசை யார் என்பது வரை இருக்கும். விரலுக்கு வேலை இருக்காது.

சென்னையில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பிடியுங்கள். ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற ரோடு. வழியில் ஆட்கள் கை காட்டுகிறார்கள். ஏற்றினால் காசு. ஆனால் ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி கனக்கிறது, பிக்கப் குறைகிறது, வளைவில் தள்ளுகிறது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் பொறுமை கரைகிறது. தீர்ந்தால் பாதியில் இறங்கிப் போய்விடுவார். பின்னால் வருகிற இன்னொரு ஷேர் ஆட்டோ உங்களை முந்தினால் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் அவனுக்கு. எங்கோ முன்னால் போலீஸ் செக்கிங். ஆக, சில நொடிக்கு ஒருமுறை விளையாடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: இன்னொருவரை ஏற்றலாமா, வேண்டாமா?

இதுதான் கோர் லூப். மூன்று நிமிஷத்தில் ஒரு ட்ரிப் முடிய வேண்டும், முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று கை போக வேண்டும்.

இப்போது செய்முறை. முதல் வாரம் சென்னையை மறந்துவிடுங்கள். சாம்பல் நிறப் பெட்டிகள் மட்டும். ஒரு நீளப் பெட்டி ரோடு, ஒரு சின்னப் பெட்டி ஆட்டோ, உருளைகள் பயணிகள். இதை கிரேபாக்ஸ் என்பார்கள். கானா பாட்டும் கட்-அவுட்டும் போஸ்டரும் இல்லாமல், பெட்டியை ஓட்டுவதே சுவாரசியமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போஸ்டர் ஒட்டினாலும் சுவாரசியம் வராது.

இரண்டாவது வாரம் நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அங்க லெஃப்ட்ல போகணும்டா" என்று சொல்லிவிட்டால் அன்றைய டெஸ்ட் வீண். எங்கே குழம்புகிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே போனை எடுத்துப் பார்க்கிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக அந்தப் போன்.

மூன்றாவது வாரம் நம்பர்களை மாற்றுங்கள்: பொறுமை எவ்வளவு வேகமாகக் கரைகிறது, ஓர் ஆள் ஏறினால் வேகம் எவ்வளவு குறைகிறது. ஒரு தடவைக்கு ஒரே நம்பர். எதை மாற்றினீர்கள், என்ன ஆனது என்று ஒரு ஷீட்டில் எழுதுங்கள். அந்த ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள், இன்டர்வியூவில் அதற்கு வேலை இருக்கிறது. நான்காவது வாரம்தான் ஒரு தெரு, ஒரு டீக்கடை, கொஞ்சம் சத்தம், ஸ்கோர் திரை. முடிந்தது. மற்ற முப்பது ஐடியாவும் 'பிறகு' என்ற ஃபைலுக்குள்.

சோழர் கப்பல் கனவும் இப்படித்தான் சுருங்க வேண்டும்: ஒரே கப்பல், பருவக்காற்று, பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது. ஆம்னி பஸ் கனவு என்றால், பரனூர் டோல்கேட் தாண்டி இரண்டு காலி சீட்டுக்காக நிற்பதா, நேரத்துக்குப் போய்ச் சேர்வதா என்ற ஒரு முடிவு.

இது ஏழைகளுக்கான சமாதானம் இல்லை. 'வாம்பயர் சர்வைவர்ஸ்' கேமில் விளையாடுகிறவர் செய்வது நகர்வது மட்டும்தான்; ஆயுதம் தானாகச் சுடும். லூக்கா கலான்டே என்ற ஒருவர் ஆரம்பித்த அந்த கேம் 2023-ல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதை வாங்கியது. 'பலாட்ரோ' 2024-ல் வந்தது; அடிப்படை வெறும் போக்கர் சீட்டு; செய்தவர் ஒரே ஆள்; ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதி. நம் வீட்டுக் கதைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் பல வருட வாழ்க்கை அது. ஆனால் கையில் கொடுப்பது அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டை மட்டும். அழிந்துபோன வரியை யூகித்து இட்லியைச் சரியாக வேக வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற அந்த கேம் 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு முழுவதையும் ஓப்பன் வேர்ல்டாக எடுக்கப் போயிருந்தால் இன்னும் டாக்குமென்ட் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

4. மோட் செய்கிற பையனைக் கேலி செய்யாதீர்கள்

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் எஸ்.இ.டி.சி. பெயிண்டும் ஆம்னி பஸ் பெயிண்டும் போட்டு, ஹார்ன் சத்தம் மாற்றி, யூடியூபில் விடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு பக்கக் கதை வைத்திருப்பவரைவிட அந்தப் பையன் வேலைக்கு நெருக்கத்தில் இருக்கிறான். அவனுக்கு டெக்ஸ்சர் தெரியும், ஃபைல் சைஸ் தெரியும், ஆடியன்ஸ் எதற்கு விசிலடிப்பார்கள் என்பதும் தெரியும்.

'கவுன்டர்-ஸ்டிரைக்' 1999-ல் 'ஹாஃப்-லைஃப்' கேமுக்கான மோடாகத்தான் பிறந்தது. அடுத்த வருடமே வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு, செய்தவர்களையும் வேலைக்கு எடுத்தது. அயர்லாந்துக்காரர் பிரென்டன் கிரீன் வெப் டிசைன், போட்டோகிராஃபி செய்துகொண்டிருந்தவர். தான் விளையாட விரும்பிய மாதிரி கேம் எதுவும் இல்லையே என்று 'ஆர்மா' கேமில் மோட் போட ஆரம்பித்தார். கடைசி ஆள் மிஞ்சும்வரை சண்டை என்ற அந்த வடிவம்தான், கொரியாவின் புளூஹோல் அவரைக் கூப்பிட்ட பிறகு, 2017-ல் 'பப்ஜி' ஆனது. கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலிய ரசிகர் 'சோனிக் சி.டி.' கேமைத் தன் சொந்த எஞ்சினில் ஐபோனில் ஓட்டிக் காட்டி 2009-ல் ஒரு வீடியோ விட்டார். சேகா அவரிடமே வேலையைக் கொடுத்தது. 2017-ல் வந்த 'சோனிக் மேனியா'வும் அவர் தலைமையில்தான்.

பிறருடைய கேமை வைத்துப் பழகுங்கள், ஆனால் எல்லை தெரிந்துகொள்ளுங்கள். மில்டன் குவாஸ்டி பல வருடம் உழைத்து 'மெட்ராய்டு 2'-ஐ ரசிகராகப் புதுப்பித்து 2016-ல் வெளியிட்டார். நின்டென்டோ உடனே டவுன்லோடை நிறுத்தவைத்தது. கேம் போனது, ஆனால் செய்து முடித்த கை போகவில்லை. 'ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்' கேமின் லெவல் டிசைனில் அவருக்கு வேலை கிடைத்தது. போர்ட்ஃபோலியோவில் காட்டலாம், விற்கக் கூடாது, டொனேஷன் பட்டன் வைக்கக் கூடாது. முடிந்தால் பெயரையும் உருவத்தையும் மாற்றி உங்களுடையதாக்கிவிடுங்கள்.

5. ஜாமில் கலந்துகொள்ளுங்கள்

'குளோபல் கேம் ஜாம்', 'லூடம் டேர்' போன்றவை இரண்டு மூன்று நாளில் ஒரு கேம் செய்யும் நிகழ்வுகள். கனவை வெட்டப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் கடிகாரமே வெட்டிவிடும். 'செலெஸ்ட்' முதலில் நான்கு நாளில் செய்த சின்ன கேம். 'சர்ஜன் சிமுலேட்டர்' 2013 குளோபல் கேம் ஜாமில் பிறந்தது. இன்னொரு லாபமும் உண்டு: ஆர்ட்டிஸ்ட், கோடர், சவுண்ட் ஆள் எல்லோரையும் அங்கே பார்ப்பீர்கள். சொன்ன நேரத்துக்கு யார் முடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நாளை ரெஃபரல் கொடுக்கப்போவது அவர்கள்தான். அவர்களும் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

6. எந்த எஞ்சின் என்று சண்டை போடாதீர்கள்

நீங்கள் விரும்பும் நிறுவனங்களின் வேலை விளம்பரத்தைப் பாருங்கள், அதில் இருப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். மொபைல் கேம் நிறுவனங்களில் யூனிட்டி அதிகம். பெரிய கன்சோல் வேலைகளில் அன்ரியல் அதிகம். பழக கோடோ போதும், அது முழுக்க இலவசம். ஒன்றையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருடம் கழித்து ரத்து செய்தது. அந்த இடைவெளியில் எத்தனையோ பேர் எஞ்சின் மாறினார்கள். லாஜிக் தெரிந்தவருக்கு மாறுவது சில வார வேலை.

7. இரண்டு நிமிஷத்தில் ஜெயிக்கிற போர்ட்ஃபோலியோ

உங்கள் லிங்கைத் திறக்கிறவர் அடுத்த மீட்டிங்குக்கு நேரமாகிவிட்ட ஒருவர் என்று நினைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். டவுன்லோடு கேட்காதீர்கள், இட்ச்.ஐஓ-வில் பிரவுசரிலேயே ஓடுகிற மாதிரி போடுங்கள். மேலே ஒரு குட்டி வீடியோ, முதல் நொடியிலிருந்தே விளையாட்டு ஓட வேண்டும். உங்கள் பெயர் சுழன்று வருகிற லோகோ அனிமேஷன் யாருக்கும் வேண்டாம். கீழே மூன்று பத்தி: என்ன முயன்றேன், டெஸ்டில் என்ன உடைந்தது, எப்படிச் சரி செய்தேன். குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கு எது என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லுங்கள். இந்தத் துறை சின்னது. அடுத்தவன் வேலையை உங்களுடையது என்றால் ஒரு போன்காலில் தெரிந்துவிடும்.

ஏ.ஐ.-யில் படம் போட்டிருந்தால் மறைக்காதீர்கள். ஸ்டீமே 2024 முதல் அதைச் சொல்லச் சொல்கிறது. டிசைனர் வேலைக்கு சாம்பல் பெட்டி போதும். ஆர்ட் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ஏ.ஐ. படத்தை நீட்டினால் கதை அங்கேயே முடிந்தது.

அரைகுறை ஐந்தைவிட முடித்த ஒன்று மேல். 2005-ல் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 'நார்பாகுலர் டிராப்' என்று ஒரு கேம் செய்தார்கள். சுவரில் ஒரு வாசலைத் திறந்து இன்னொரு வாசல் வழியாக வெளியே வருவது, அவ்வளவுதான். வால்வ் நிறுவனத்தில் போய் டெமோ காட்டினார்கள். அதன் தலைவர் கேப் நியூவல் மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்தார். 2007-ல் அது 'போர்ட்டல்' ஆயிற்று.

8. "உங்க ட்ரீம் கேம் என்ன?"

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். அன்பாகத்தான் கேட்பார்கள். பொறியே அதுதான். கண்கள் மின்ன இருபது நிமிஷம் கதை சொல்பவர் வெளியே போய்விடுவார்.

பதில் இப்படி இருக்கட்டும்: "ஷேர் ஆட்டோ ஓட்டுற மூணு நிமிஷ கேம் சார். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இன்னொருத்தரை ஏத்தலாமாங்கிற ஒரே முடிவுதான். முதல்ல போலீஸ் செக்கிங் திடீர்னு வர்ற மாதிரி வெச்சிருந்தேன். ஆடினவங்க எல்லாரும் அநியாயம்னு சொன்னாங்க. அப்புறம் ரெண்டு நிறுத்தத்துக்கு முன்னாடியே விசில் சத்தம் கேக்கிற மாதிரி மாத்தினேன். அதுக்கப்புறம் தோத்தவங்க கேமைத் திட்டல, தங்களையேதான் திட்டிக்கிட்டாங்க." நிறுத்துங்கள். நம்பர் எழுதிய ஷீட்டை எடுத்துக் காட்டுங்கள். மிச்சக் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.

அடுத்தது பெரும்பாலும், "எங்க கேம்ல எதை மாத்துவீங்க?" இரண்டு பேர் இங்கே தோற்பார்கள்: எல்லாம் சூப்பர் என்பவர், எல்லாம் வேஸ்ட் என்பவர். போவதற்கு முன் அவர்கள் கேமைக் குறைந்தது ஒரு வாரமாவது ஆடுங்கள். முதல் விளம்பரம் எப்போது வருகிறது, முதல் தடவை காசு கேட்பது எங்கே, எந்த லெவலில் சலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை எடுத்து, அது ஏன் அப்படி வைக்கப்பட்டிருக்கும் என்று முதலில் யூகித்துச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் மாற்றத்தைச் சொல்லுங்கள். எதிரே இருப்பவரே அதை வைத்த ஆளாக இருக்கலாம்.

9. கனவுக்கும் சம்பளத்துக்கும் நடுவே

நிலவரத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி 900 பேரையும் வீட்டுக்கு அனுப்பின. அனுபவசாலிகளும் உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். இந்தியாவில் வேலை பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம் அதிகம். பெரும்பகுதி மொபைல் கேம், வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கான ஆர்ட், டெஸ்டிங். 'கேம் டிசைனர்' என்ற பலகையோடு ஃபிரெஷருக்குக் கதவு திறப்பது அபூர்வம். கியூ.ஏ., லெவல் டிசைன், யு.ஐ., லைவ் ஆப்ஸ் என்று எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழையுங்கள். கியூ.ஏ.-வை மட்டமாகப் பார்க்காதீர்கள். கேம் எங்கே எப்படி உடைகிறது என்று தினமும் எழுதுகிறவருக்கு டிசைன் தானாகப் பிடிபடும். ரம்மி, ஃபேன்டசி என்று காசு வைத்து ஆடுகிற ஆப் நிறுவனங்கள் ஒரு காலத்தில் ஆளை அள்ளின. அவற்றைத் தடை செய்த 2025 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது.

வேலையை விட்டுவிட்டுக் கனவு கேம் செய்யலாமா? எல்லோரும் எரிக் பரோனைக் காட்டுவார்கள். பழைய 'ஹார்வெஸ்ட் மூன்' போல ஒன்று இனி வராதா என்று ஏங்கிய ரசிகர். தனியாக நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து 2016-ல் 'ஸ்டார்டியூ வேலி'யைக் கொண்டுவந்தார். 2024 கடைசியில் விற்பனை 4 கோடிப் பிரதியைத் தாண்டியிருந்தது. யாரும் சொல்லாத பாதிக் கதை வேறு. 2011-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து வேலை கிடைக்காமல், கோடிங் திறமையைக் கூர்தீட்டத்தான் அதை ஆரம்பித்தார். தியேட்டரில் சீட் காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். கூட வாழ்ந்த காதலியின் சம்பளம் வீட்டைத் தாங்கியது. உங்கள் வீட்டு வாடகையை யார் கட்டுவார் என்பதற்கு முதலில் பதில் வையுங்கள். ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டாலர்தான்; விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. ஆனால் 2024-ல் மட்டும் அங்கே 18 ஆயிரத்துக்கும் மேல் கேம்கள் வந்தன. போடுவது சுலபம், கண்ணில் படுவதுதான் கஷ்டம். என் கணக்கு நேரானது: பகலில் சம்பளம், ராத்திரியில் கேம், ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் சேரும்வரை ராஜினாமாக் கடிதம் டிராஃப்ட்டிலேயே இருக்கட்டும்.

10. ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டிய வரி

வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் சி.டி.சி.-யைப் பார்ப்பார்கள். நீங்கள் ஐ.பி. (அறிவுசார் சொத்து) என்று ஆரம்பிக்கிற பத்தியைப் பாருங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குகிற எல்லாமே, ஆபீஸ் நேரத்துக்கு வெளியே செய்தது உட்பட, நிறுவனத்துக்குச் சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். ராத்திரி கேம் அதோடு போச்சு. சேர்வதற்கு முன்பே செய்தவற்றைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கேமின் பெயர், ஆரம்பித்த தேதி, லிங்க் மூன்றையும் அதில் எழுதுங்கள். பக்கத்தில் வேறு கேம் செய்ய அனுமதி உண்டா என்பதை மெயிலில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் சாஃப்ட்வேர் லைசென்ஸிலும் உங்கள் கேமைத் திறக்கவே திறக்காதீர்கள். எச்.ஆர். கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. அந்த இணைப்பு உள்ளே வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.